உங்களுக்குத் தெரியுமா? புதுக்கடையிலிருந்து ஹார்லம் வரை

கொழும்பு புதுக்கடை என்றால் மலையகத்தில் யாருக்கும் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். வழக்கு, தவணை, மேன்முறையீடு என்று அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அதே புதுக்கடையில், 1892 மே 29, ஞாயிற்றுக்கிழமை, நன்மரண மாதா கோயிலில் ஒருவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரை ஆயராக்கியவர்கள் ரோமாபுரியின் கீழ் இருந்தவர்கள் அல்லர். அந்தியோக்கியாவின் சிரிய ஓர்த்தடொக்ஸ் மரபைச் சேர்ந்தவர்கள். ஆயரானவர் பாரிசில் பிறந்து அமெரிக்காவில் பணிசெய்த ஒரு குருவானவர். அந்தக் கோயிலோ இலங்கை, கோவா, இந்தியா ஆகியவற்றுக்கான ஓர்த்தடொக்ஸ் பேராயரின் பேராலயம். இலங்கையின் பெயரைத் தாங்கிய ஓர் ஓர்த்தடொக்ஸ் பேராயர் இருந்தார் என்பதே நம்மில் பலருக்குப் புதிய செய்தி.

*

அன்றைக்கு வட்டகொடைப் பக்கம் ரயில் பாதை வந்து ஏழு வருடம். 1874இல் நாவலப்பிட்டியில் நின்றிருந்த பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் நடுவில் உள்ள நம் ஊர் அந்த வழியில்தான் இருக்கிறது. கோப்பியை இலைநோய் தின்று தீர்த்து, மலையெல்லாம் தேயிலையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது.

*

ஓர்த்தடொக்ஸ் என்ற பெயரில் இரண்டு பெரிய குடும்பங்கள் இருப்பது தெரியுமா? கிரேக்கம், ரஷ்யா, சேர்பியா, ருமேனியா ஆகிய நாடுகளின் திருச்சபைகள் ஒரு குடும்பம். இவை ரோமுடன் பிரிந்ததற்கு 1054ஆம் ஆண்டைக் குறிப்பார்கள். ஆர்மீனியா, எகிப்து, எத்தியோப்பியா, சிரியா, கேரளத்து மலங்கரை ஆகியவை இன்னொரு குடும்பம். இவர்களின் பிரிவு இன்னும் பழையது. 451இல் கூடிய கல்சிதோன் சங்கத்தின் முடிவுகளை ஏற்காமல் விலகியவர்கள். இரண்டு குடும்பத்திலும் பாப்பரசர் தலைவர் அல்லர். புதுக்கடைக் கதை இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது. நடுவில் ஓர் இடத்தில் அது முதல் குடும்பத்தையும் தொடும்.

*

சண்டை எங்கே தொடங்கியது? கோவாவில். ஆசியாவில் ஆயர்களை நியமிக்கும் உரிமை போர்த்துக்கல் அரசனுக்கு நீண்ட காலம் இருந்தது. டச்சுக்காரர் கத்தோலிக்கரைத் துரத்திய நாளில் இலங்கைக்குள் மாறுவேடத்தில் வந்து சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் கோவாவிலிருந்துதான் வந்தார். அவருக்குப் பின்னும் ஒன்றரை நூற்றாண்டு இலங்கைக் கத்தோலிக்கரைத் தாங்கியவர்கள் கோவாக் குருமாரே. பிறகு ஐரோப்பியக் குருமார் வந்தார்கள். 1886இல் போர்த்துக்கலும் ரோமும் செய்த உடன்படிக்கையால் இலங்கையில் கோவா மரபில் இருந்த கோயில்கள் ரோமின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவரப்பட்டன. ‘எங்கள் கோயில், எங்கள் குரு, எங்களைக் கேட்காமல் எப்படி மாற்றலாம்?’ என்று கொழும்பில் ஒரு பகுதியினர் எழுந்து நின்றார்கள். தமக்கென ஒரு பாதுகாப்புச் சங்கத்தையும் அமைத்தார்கள். தங்களுக்கென ஓர் ஆயர் வேண்டும் என்று தேடியபோது அவர்களுக்குக் கிடைத்தவர் அல்வாரிஸ்.

*

அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரிஸ், 1836இல் கோவாவின் வெர்ணா என்ற ஊரில் பிறந்த கத்தோலிக்கக் குரு. பத்திரிகைகள் நடத்தினார், அரசையும் திருச்சபை மேலிடத்தையும் எழுத்தில் எதிர்த்தார். மேலிடத்தோடு முறிவு வந்தபின் அவர் போன இடம் கோட்டயம். 1889 ஜூலையில் அங்கே மலங்கரைப் பேராயர் புலிக்கோட்டில் மார் திவன்னாசியோஸ் மற்ற ஆயர்களோடு சேர்ந்து அவரை மார் யூலியோஸ் என்ற பெயரில் பேராயராக்கினார். திருநிலைப்பாடு நடந்தது கோட்டயத்தின் ‘பழைய செமினாரி’யில்.

அந்தப் பழைய செமினாரியின் கட்டடத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1815இல், திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் ரெசிடென்டாக இருந்த கேணல் மன்றோவின் ஆதரவோடு எழுந்தது. ஆங்கிலேயர் ஆதரவு இருந்தும் ஆங்கிலக் கட்டடம் அல்ல. நடுமுற்றமும் நாற்புறக் கூடங்களும் தாழ்ந்த ஓட்டுக் கூரையும் கொண்ட கேரளத்து நாலுகெட்டு. மழை கொட்டும் மலையோரத்தில் எப்படிக் கட்ட வேண்டும் என்பதை அந்த ஊர்த் தச்சர்கள் அறிந்திருந்தார்கள். குருமாணவர்கள் சிரிய மொழி படித்தது அந்த முற்றத்தைச் சுற்றியிருந்த அறைகளில்.

*

இனி, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். மருத்துவர் பெட்ரோ மனுவேல் லிஸ்போவா பின்டோ. கொழும்பில் அந்தப் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். கோவாவில் இருந்த அல்வாரிஸுக்குக் கொழும்பில் வலது கையாக நின்றவர். அவரை நாம் நினைவில் வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. 1893இல் இலங்கையின் முதல் தொழிற்சங்கம் உருவானது. அது அச்சகத் தொழிலாளரின் சங்கம். அதன் தலைவர் இதே லிஸ்போவா பின்டோதான்!

அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு எச்.டபிள்யூ. கேவ் அச்சகத்தில் சம்பளத் தகராறில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். இலங்கையில் ஒழுங்காகத் திரட்டி நடத்தப்பட்ட முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பது அதைத்தான். சங்கத்தின் செயலாளர் பொறுப்பில் இருந்த ஏ.ஈ. புல்ஜன்ஸ் பறங்கி இனத்தவர். பௌத்தராக மாறி, பின்னாளில் ஆனந்தாக் கல்லூரி ஆன பௌத்த ஆங்கிலப் பாடசாலையின் அதிபராக இருந்தவர். ஓர்த்தடொக்ஸ் பேராலயத்தின் பொதுநிலைத் தலைவரும் பௌத்த அதிபரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அச்சுக் கோப்பவர்களின் சம்பளத்துக்காக வாதாடியிருக்கிறார்கள்.

இந்தச் சேர்க்கை தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தன் கோயிலின் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டவன், தன் உழைப்பின் விலையை யார் தீர்மானிப்பது என்றும் கேட்பான். தோட்டத் தொழிலாளருக்கான முதல் பெரிய சங்கத்தை கோ. நடேசய்யர் ஹட்டனில் அமைத்தது 1931இல். கொழும்பின் அச்சகச் சங்கத்துக்கு 38 வருடம் பிந்தி. பின்டோ 1898இல் காலமானார்.

அந்த அச்சக முதலாளி கேவ், 1900இல் இலங்கைத் தேயிலையைப் புகழ்ந்து ஒரு படப் புத்தகம் எழுதியவர். பழைய மலையகத்தின் ஒளிப்படங்களைத் தேடுபவர்கள் அவருடைய நூல்களைக் கட்டாயம் புரட்டியிருப்பார்கள்.

*

1892இல் புதுக்கடைக்கு வந்த பிரெஞ்சுக்காரர் பெயர் ஜோசப் ரெனே விலாத். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பெல்ஜியக் குடியேறிகளுக்குக் குருவாக இருந்தவர். அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தையான மூன்றாம் இக்னேஷியஸ் பேதுருவின் அனுமதி ஓலை 1891 டிசெம்பரில் பிறந்தது. அல்வாரிஸும் கேரளத்திலிருந்து வந்த மார் அத்தனாசியோஸும் மார் கிரிகோரியோஸும் சேர்ந்து அவருக்கு மார் திமோத்தேயோஸ் என்று பெயரிட்டு ஆயராக்கினார்கள். கொழும்பில் இருந்த அமெரிக்கக் கொன்சல் வில்லியம் மோரி அதற்குச் சாட்சி.

*

அந்த மூவரில் மார் கிரிகோரியோஸ் யார் என்று தெரிந்தால் கேரளத்து நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்தான் ‘பருமலைத் திருமேனி’. 1848இல் பிறந்து 28 வயதிலேயே பேராயரானவர். 1895இல் எருசலேமுக்குப் போய்வந்து அவர் எழுதிய நூல் மலையாளத்தில் அச்சான முதல் பயண நூல் எனப்படுகிறது. 1902இல் மறைந்தார்; 1947இல் மலங்கரைச் சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நவம்பர் தொடக்கத்தில் கேரளம் முழுவதிலிருந்தும் மக்கள் நடந்தே பருமலைக்குப் போகிறார்கள்.

*

பருமலையில் அவர் கல்லறையருகே எழுந்துள்ள புதிய தேவாலயத்தை வரைந்தவர் சார்ள்ஸ் கொரெயா. அகமதாபாத்தின் காந்தி ஆசிரம நினைவகம் போன்றவற்றை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர். 2000ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. கேரளத்துக் கோயில்களின் வழக்கமான நீள் வடிவத்தை விட்டு வட்டமாக அமைத்தார். பீடத்தைச் சுற்றி மக்கள் நெருங்கி நிற்க முடியும். கூட்டம் பெருகும் தலத்துக்கு அது சரியான தீர்வு.

*

ஓர்த்தடொக்ஸ் கோயிலுக்குள் முதன்முதலாகப் போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்? முதலில் திசை. பீடம் கிழக்கே, மக்கள் கிழக்கு நோக்கி நிற்பார்கள். அடுத்தது பீடத்துக்கும் மக்களுக்கும் நடுவில் இருக்கும் மறைப்பு. கிரேக்க, ரஷ்யக் கோயில்களில் அது திருவோவியங்கள் நிறைந்த ஒரு சுவர். நடுவே ‘அரச வாசல்’ என்று ஒரு கதவு. சிரிய, மலங்கரைக் கோயில்களில் சுவருக்குப் பதில் ஒரு திரை. வழிபாட்டின் குறித்த கட்டங்களில் திரை மூடும், திறக்கும். ஆர்மீனியரிடம் இன்னொரு வழக்கம்: பெரிய தவக்காலம் முழுவதும் திரை மூடியே இருக்கும், உள்ளே நடப்பதை மக்கள் செவியால் மட்டும் கேட்பார்கள்.

மலங்கரைக் கோயில்களில் காலணியை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆண்கள் வடபுறம், பெண்கள் தென்புறம். நம் அம்மன் கோயிலுக்குப் போய்வருபவர்களுக்கு அங்கே எதுவும் அந்நியமாகத் தோன்றாது.

*

கோட்டயத்துச் ‘சிறிய பள்ளி’ 1579இல் தெக்கும்கூர் அரசரின் ஆதரவோடு கட்டப்பட்ட மரியன்னை ஆலயம். முகப்பில் போர்த்துக்கீசர் கொண்டுவந்த பாணி; பின்னால் உள்ளூர்க் கூரை. பீடத்தின் பின்சுவரிலும் மேலேயும் தாவரச் சாயங்களால் தீட்டிய ஓவியங்கள். இயேசுவின் பாடுகளும் மரியன்னையின் வாழ்வும் கோயில் ஓவியர்களின் சிவப்பிலும் பச்சையிலும் மஞ்சளிலும் காணக்கிடைக்கின்றன. கேரளத்துப் பழைய சிரியன் பள்ளிகளில் கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் ஓங்கி நிற்கும் கருங்கல் சிலுவை உண்டு. அடிப்பீடத்தில் தாமரை இதழ் செதுக்கியிருப்பார்கள். கொடிமரம் உண்டு; திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கும். குத்துவிளக்கும் உண்டு, அதன் உச்சியில் சிலுவையோடு.

இதைக் ‘கலப்பு’ என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஊர்க் கல்தச்சனும் மரத்தச்சனும் தமக்குத் தெரிந்த உயர்ந்த வேலையை அங்கேயும் செய்தார்கள், அவ்வளவுதான்.

*

1653 ஜனவரி 3. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கற்சிலுவையின் முன், தோமையார் வழிவந்தவர்களாகத் தம்மைக் கருதிய ஆயிரக்கணக்கான மார்த்தோமாக் கிறிஸ்தவர்கள் கூடினார்கள். போர்த்துக்கீச யேசு சபையினருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். எல்லோருக்கும் சிலுவை எட்டவில்லை. அதனால் கயிறுகளைச் சிலுவையில் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆணையிட்டார்கள் என்றும், அந்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்றும் மரபு சொல்கிறது. ‘கூனன் குரிசு சத்தியம்’ என்று இன்றும் பெயர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1665இல், எருசலேமிலிருந்து வந்த மார் கிரிகோரியோஸ் என்னும் சிரிய ஆயரோடு இவர்களுக்கு உறவு ஏற்பட்டது. மலங்கரை ஓர்த்தடொக்ஸ் சபை அந்த உறவிலிருந்து வளர்ந்தது. இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின் கோவாவிலும் கொழும்பிலும் எழுந்ததும், எங்கள் கோயிலை யார் ஆள்வது என்ற அதே கேள்விதான்.

*

தமிழ்நாட்டிலேயே ஒரு மலங்கரை ஓர்த்தடொக்ஸ் திருத்தலம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்குப் பக்கத்தில், திருவிதாங்கோடு. திருவிதாங்கூர் அரசுக்குப் பெயர் தந்த ஊர் அது. அங்குள்ள ‘அரப்பள்ளி’யை கி.பி. 63இல் தோமையாரே நிறுவினார் என்பது மக்களின் நம்பிக்கை. இன்று நிற்கும் கட்டடம் அவ்வளவு பழையது அல்ல. ஆனாலும் பழமை வாய்ந்தது. சிறியது, குட்டையானது, முழுக்கக் கருங்கல். உளி பட்ட தடங்கள் சுவரில் அப்படியே தெரிகின்றன. கோபுரமோ பகட்டான முகப்போ இல்லை. பேராலயங்களின் பிரமாண்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் அடக்கம் ஆச்சரியம் தரும். 2007 டிசெம்பரில் மலங்கரைச் சபை இதைத் தோமையாரின் பன்னாட்டுத் திருத்தலமாக அறிவித்தது.

*

சென்னையில், ஜோர்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில், தமிழ் எழுத்துப் பொறித்த மணி ஒன்று ஆர்மீனியக் கோயிலில் தொங்குகிறது!

1712இல் எழுந்து, 1772இல் இன்றைய இடத்தில் மீளக் கட்டப்பட்ட மரியன்னை கோயில் அது. மணிக்கூண்டு கோயிலின் தலையில் இல்லை. பக்கத்தில் தனியே நிற்கிறது. அதில் ஆறு மணிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ. மூத்தது 1754ஆம் ஆண்டினது. அது 1808இல் மறுபடி வார்க்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. தமிழ் எழுத்து இருப்பது அதில்தான். இரண்டு மணிகள் 1837இல் இலண்டனில் தோமஸ் மியர்ஸ் பட்டறையில் வார்த்தவை. முற்றம் முழுவதும் கல்லறைக் கற்கள், ஏறத்தாழ 350 ஆர்மீனியர் அங்கே துயில்கிறார்கள். அவர்களில் ஒருவர் அருட்திரு ஷ்மாவோனியன். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில் அவர் கையால் அச்சேறியது.

சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றைக் கடக்க 1726இல் பாலம் கட்டிக் கொடுத்தவரும் பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் ஓர் ஆர்மீனிய வணிகர்தான்: கோஜா பெட்ரூஸ் உஸ்கான்.

*

அநுராதபுரத்தில் 1912இல் ஒரு கருங்கல் தூணின் துண்டில் சிலுவை கிடைத்தது. அது போர்த்துக்கீசர் காலத்தது என்று முதலில் எழுதினார்கள். பிறகு கொட்ரிங்டன் என்ற அறிஞர் 1926இல் வேறு கருத்தைச் சொன்னார்: 6ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பயணி கொஸ்மாஸ் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் கோயில் ஒன்று இருந்ததாக எழுதியிருக்கிறார், பாரசீகத்தில் திருநிலைப்பட்ட குருவும் துணைத் தொண்டரும் அங்கே இருந்தார்களாம். சிலுவையின் வடிவமும் சென்னை பரங்கிமலையில் 1547இல் கிடைத்த பழைய சிலுவையை நினைவூட்டுகிறது. அந்தப் பாரசீகர்கள் கிழக்குத் திருச்சபையினர். இன்றைய ஓர்த்தடொக்ஸ் குடும்பங்கள் இரண்டிலும் சேராதவர்கள். எப்படியும் போர்த்துக்கீசர் கப்பல் வருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே இந்தத் தீவில் சிலுவை இருந்தது.

*

ஓர்த்தடொக்ஸின் முதல் குடும்பத்துப் பேராலயங்களுக்கு மூத்த முன்மாதிரி கொன்ஸ்தாந்திநோபிளின் ஹாகியா சோபியா. ஐந்தே ஆண்டில், 532 முதல் 537 வரை, கட்டி முடித்தார்கள். அதன் குவிமாடத்தின் விட்டம் ஏறத்தாழ 31 மீற்றர்; தரையிலிருந்து உச்சி 55 மீற்றர் அளவு. சதுரமாக நிற்கும் நான்கு வளைவுகளின் மேல் வட்டமான மாடத்தை எப்படி உட்கார வைப்பது? மூலைகளில் முக்கோண வடிவில் வளைந்த சுவர்த் துண்டுகளை எழுப்பிப் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கினார்கள். மாடத்தின் அடியில் 40 சன்னல்கள். முதல் மாடம் 558இல் இடிந்தது. உயரத்தைக் கூட்டி, வளைவைச் செங்குத்தாக்கி, 562இல் மறுபடி திறந்தார்கள். பக்கவாட்டில் தள்ளும் விசையைக் குறைக்கத்தான் உயரம் கூடியது.

*

எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் கோயிலைக் கட்டவில்லை, குடைந்தார்கள். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே போய், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பதினொரு கோயில்கள். ஜோர்ஜியார் கோயிலை மேலே நின்று பார்த்தால் அதன் கூரையே ஒரு சிலுவை. எல்லோரா கைலாசநாதர் கோயிலைச் செதுக்கிய அதே முறை. அடித்தளம் கடைசியில், கூரை முதலில்! இந்த எத்தியோப்பியச் சபையும் மலங்கரைச் சபையும் ஒரே உறவில் இருப்பவை. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி 1956இல் கோட்டயத்துக்கே வந்து போனார்.

*

இப்போது புதுக்கடைக்குத் திரும்புவோம். அங்கே ஆயரான விலாத் அமெரிக்கா போய் என்ன செய்தார்? பல இடங்களில் பலரை ஆயராக்கினார். பலரோடு பிணக்கும் பட்டார். அவற்றை விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் விட முடியாது.

ஜோர்ஜ் அலெக்சாண்டர் மக்குவயர் 1866இல் கரீபியனின் அன்டிகுவாவில் பிறந்த கறுப்பினத்தவர். அன்டிகுவா கரும்புத் தோட்டத் தீவு. 1834இல் அடிமைமுறை ஒழிந்தது. இப்படி விடுதலையான அடிமைகளின் கைகளுக்குப் பதிலாகத்தான் நம் மூதாதையரின் ஊர்களிலிருந்து மொரிசியஸுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேற்றினார்கள். மக்குவயர் அமெரிக்காவில் அங்கிலிக்கன் மரபுக் குருவாக உயர்ந்தார். எவ்வளவு உயர்ந்தாலும் அங்கே கறுப்பருக்கு ஒரு மட்டம் இருந்தது. அதற்கு மேலே வெள்ளையர். மார்கஸ் கார்வியின் மாபெரும் கறுப்பர் இயக்கத்தில் சேர்ந்து 1920இல் அதன் தலைமைக் குருவானார். கறுப்பருக்கெனக் கறுப்பர் நடத்தும் ஒரு திருச்சபை வேண்டும் என்று முடிவெடுத்தார். ஆனால் ஆயர் இல்லாமல் திருச்சபை இல்லை. ஒருவரை ஆயராக்க இன்னோர் ஆயரின் கை தலைமீது படவேண்டும். அந்தக் கையின் மீது அதற்கு முந்தியவரின் கை. அமெரிக்காவில் எந்தச் சபை அந்தக் கையை நீட்டும்?

விலாத் நீட்டினார். 1921 செப்டெம்பர் 28, சிக்காகோ. அந்தத் திருநிலைப்பாடு நடந்த சிறிய கோயிலின் பெயர் என்ன தெரியுமா? நன்மரண மாதா கோயில்! புதுக்கடையின் அதே பெயர்.

இப்படியாக ஆபிரிக்க ஓர்த்தடொக்ஸ் திருச்சபை பிறந்து, நியூயோர்க்கின் ஹார்லத்தில் வேரூன்றியது. மக்குவயர் 1934இல் மறைந்தார். வெள்ளைச் சபைகள் மறுத்த ஆயர் பட்டம் கரும்புத் தோட்டத் தீவான அன்டிகுவாவின் பிள்ளைக்கு எட்டியது கோட்டயம், கொழும்பு வழியாக. தோட்டத்தில் பிறந்தவர்கள் அறிந்து பெருமைப்பட வேண்டிய வரலாறு இது. இலங்கையின் பாடநூல் எதிலாவது இதற்கு ஒரு பத்தி கொடுக்க வேண்டும்.

*

அதோடு நிற்கவில்லை. தென்னாபிரிக்கக் கிம்பர்லியில் இருந்த டானியல் வில்லியம் அலெக்சாண்டர் 1927இல் பொஸ்டனுக்குப் போய் மக்குவயரிடம் ஆயராகித் திரும்பினார். உகண்டாவில் ரூபன் ஸ்பார்ட்டாஸ் என்ற முன்னாள் படைவீரர் கார்வி இயக்கத்தின் செய்தித்தாளில் இந்தச் சபையைப் பற்றிப் படித்து அலெக்சாண்டரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார்; 1932இல் அவரிடம் குருவானார். பிறகு உகண்டாவில் வாழ்ந்த கிரேக்கர் ஒருவர் வழியாகக் கிரேக்க ஓர்த்தடொக்ஸ் முறையை அறிந்து அதன் பக்கம் திரும்பினார். அலெக்சாந்திரியாவின் கிரேக்க முதுபெரும் தந்தையகம் 1946இல் இவர்களை ஏற்றுக்கொண்டது. கம்பாலாவின் நமுங்கூனாக் குன்றில் இன்று நிற்கும் புனித நிக்கொலாஸ் பேராலயம் அந்தச் சமூகத்தினுடையது. இரண்டு ஓர்த்தடொக்ஸ் குடும்பங்களும் தொட்டுக்கொண்ட இடம் இது. கென்யாவுக்கும் 1935இல் அலெக்சாண்டரே போனார்; அங்கும் கதை இதே வழியில்தான் சென்றது.

*

ஜாஸ் இசைமேதை ஜோன் கோல்ட்ரேனைப் புனிதராக வணங்கும் ஒரு கோயில் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. அங்கே வழிபாட்டில் சாக்சபோன் ஒலிக்கும். அது சேர்ந்திருப்பதும் ஆபிரிக்க ஓர்த்தடொக்ஸ் திருச்சபையில்தான்.

*

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். விலாத் 1925இல் கத்தோலிக்கத் திருச்சபைக்கே திரும்பி, 1929இல் பிரான்சில் ஒரு துறவு மடத்தில் மறைந்தார். அவர் வழிவந்த ஆயர்களை ஏற்கவில்லை என்று சிரிய ஓர்த்தடொக்ஸ் தலைமையகம் 1938இல் அறிவித்தது. சட்டப்படி அந்த வழி செல்லுமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஹார்லத்திலும் கம்பாலாவிலும் கோயில் எழுப்பியவர்கள் அந்தத் தலைமையகத்தின் முத்திரைக்காகக் காத்திருக்கவில்லை.

*

அல்வாரிஸ் என்ன ஆனார்? கோவாவில் போர்த்துக்கீச அதிகாரிகள் அவரைப் பிடித்து, ஆயருக்குரிய உடைகளைக் களைந்து, காவலில் அடைத்தார்கள். பொய்யாக ஆயர் வேடம் போட்டார் என்று குற்றம், நீதிமன்றம் விடுவித்தது. வாந்திபேதிக்கு எப்படிச் சிகிச்சை செய்வது என்று கைநூல் எழுதினார். பஞ்ச காலத்தில் ஏழைகளின் வயிறு நிரம்ப மரவள்ளியைப் பயிரிடுங்கள் என்று 1916இல் தனி நூலே வெளியிட்டார். லயத்தில் மரவள்ளிக் கிழங்கு அவித்துப் பசியாறிய தலைமுறைக்கு அந்த நூலின் அருமை புரியும். தொழுநோயாளரையும் கைவிடப்பட்டவரையும் சேர்த்து வைத்துப் பராமரித்தார். அவர்களுக்காகத் தெருவில் இறங்கிக் கையேந்தினார். 1923 செப்டெம்பர் 23 அன்று ரிபந்தர் மருத்துவமனையில் உயிர்நீத்தார். பணஜியில் அடக்கம் செய்த அவருடைய எச்சங்கள் இப்போது ரிபந்தர் மரியன்னை ஓர்த்தடொக்ஸ் கோயிலில் இருக்கின்றன.

*

அவர் தொடங்கிய சமூகம் இன்னும் வாழும் இடம் கர்நாடகத்து உடுப்பிக்குப் பக்கத்தில் பிரம்மாவர். அங்கே இருப்பது மரியன்னை ஓர்த்தடொக்ஸ் சிரியன் பேராலயம். அல்வாரிஸின் தோழர் நொரோன்ஹா அடிகள் 1936இல் சாகும்வரை அந்த மக்களோடு நின்றார். அவர்கள் ஓர்த்தடொக்ஸ் சபைக்குள் இருந்தபடியே லத்தீன் முறை வழிபாட்டைத் தொடர்ந்து காத்தவர்கள். உலகில் இது மிக அரிது.

*

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்திலோ பக்கத்து டிவிஷனிலோ உள்ள பழைய சேர்ச்சில், மாதா சிற்றாலயத்தில், அம்மன் கோயிலில் மணி, அடிக்கல், கல்லறைக் கல் எதிலாவது எழுத்து பொறித்திருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் அதை வாசித்து எழுதி வையுங்கள். ஆண்டு, பெயர், எந்த மொழி, யார் கொடுத்தது என்று நான்கு வரி போதும். ஒரு படமும் எடுத்து, வட்டகொடைப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள்.